விரிப்பில் எட்டு ராணிகள்

என் அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் உட்கார்ந்து மாந்திரீகம் செய்கிறாள் என்று எனக்குச் சொன்னது என் சகலை. அவருக்கு யாரோ சொல்லி, அந்த யாரோவுக்கு வேறு யாரோ சொன்னது. கிழிந்த படுக்கை விரிப்பைத் தரையில் போட்டு, மருந்துப் பாட்டில் மூடிகளை அதில் வைத்து, சுற்றிலும் நோயாளிகளின் சட்டைப் பொத்தான்களைப் பரப்பி, ‘இந்த ராணி உன்னைப் பார்க்கிறா, நகரு’ என்று முணுமுணுக்கிறாளாம். மேற்பார்வையாளர் அம்மாவுக்கு அதிலிருந்துதான் கால் வீக்கமாம்.

“கோவிச்சுக்காதீங்க, காதுல விழுந்ததைச் சொல்றேன். எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க” என்றார்.

வெளிநாட்டில் இருப்பவனுக்கு இது போதாதா? வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், எடுப்பதற்குள் ஒரு சாவாவது கற்பனை செய்து முடித்துவிடுகிற ஆள் நான். உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

சிரித்துத் தீர்த்துவிட்டுத்தான் பேசினாள். “அவங்க கால் வீக்கத்துக்குக் காரணம் அவங்க செருப்பு. எனக்கு ஒண்ணும் ஆகலைடா. படிக்கிறேன்.”

செவிலியர்களின் பணிநேரத்தைக் கணினியில் வகுக்க மருத்துவமனைக்கு ஓர் ஆள் வேண்டுமாம். உள்ளேயே வேலை செய்பவர்களும் போட்டியிடலாம். மாலை வகுப்பு, கடைசியில் ஒரு தேர்வு. சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒருத்தி பார்வை இன்னொருத்தி மேல் படாமல், நேராகவும் குறுக்காகவும் மூலைவாட்டிலும் படாமல், நிறுத்தும் கணினி நிரலைத் தேர்வு நடத்துபவர் முன்னால் எழுதிக் காட்ட வேண்டும். சலவைச் சோடாவும் நீராவியும் அக்காவின் உள்ளங்கைகளை வெடிக்க வைத்துவிட்டன. இந்த வேலையை விடு என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். தேறினால் நாற்காலி, தவறினால் மறுபடி சோடாத் தொட்டி.

அப்பா இறந்த வருடம் அவள் அந்தச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். அதே வருடம்தான் என்னை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தாள். இன்று நான் இரண்டு மொழியில் சம்பாதித்துச் சாப்பிடுகிறேன் என்றால் அது அவள் போட்ட பாதை. பதிலுக்கு என்ன வேண்டும் என்று எப்போது கேட்டாலும், “நீ நேரத்துக்குச் சாப்பிடு” என்பாள். அப்படிப்பட்டவள் முதன்முறையாக என்னிடம் ஒன்று கேட்டாள். வகுப்புப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, படித்துத் தமிழில் சொல்வாயா என்று. எனக்குக் கிடைத்த மரியாதை அது.

எனக்கும் நிரல் புதிதுதான். இங்கே வாங்கிய அதே புத்தகத்தைப் படிப்பேன், புரிந்த அளவுக்குத் தொலைபேசியில் சொல்வேன். அவள் விரிப்பில் வைத்துப் பார்ப்பாள். ஒரு விரிப்பை மும்முறை நீளவாட்டிலும் மும்முறை அகலவாட்டிலும் மடித்துத் தேய்த்துப் பிரித்தால், மடிப்புக் கோடுகளே சதுரங்கக் கட்டங்கள். மூடிகள் ராணிகள். ராணியின் பார்வை படும் கட்டங்களில் பொத்தான்.

முதலில் சலவைக்கூடப் பழக்கம் குறுக்கே வந்தது. அங்கே ஒரு விரிப்பில் கறை தெரிந்தால் மொத்தச் சுமையையும் திரும்ப இயந்திரத்தில் போடுவார்கள். அதேபோல் ஆறாவது ராணிக்கு இடமில்லை என்றால் அக்கா எல்லாவற்றையும் வாரிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். ஐந்தாவதை மட்டும் அடுத்த கட்டத்துக்கு நகர்த்திப் பார், அதற்கும் வழியில்லாவிட்டால்தான் நான்காவது என்று புத்தகம் சொன்னதைச் சொன்னேன்.

“அப்போ மத்தவளுங்க பாட்டுக்கு நிக்கட்டும்ங்கிறியா? இவ்வளவு நல்ல மனசு நம்ம மேற்பார்வைக்கு இல்லையே” என்றாள்.

அக்கா எழுதிய நிரல் ஓடியது. ஆனால் அது நிறுத்திய ராணிகளில் இருவர் மூலைவாட்டில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். தேர்வுக்கு இரண்டு நாள்தான். எனக்குத் தூக்கம் போனது. புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டியும் தவறு பிடிபடவில்லை. அக்கா வீட்டில் விரிப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு ராணியை எடுத்தாள், அவள் பார்வையிலிருந்த பொத்தான்களை எடுத்தாள். பக்கத்தில் படுத்திருந்த அத்தானின் குரல் குறுக்கே கேட்டது.

“ஏன், அந்த மூலைப் பொத்தானை எடுத்துட்ட? அந்தக் கட்டத்தை மேல இருக்கிறவளும் பார்க்கிறாளே.”

மறுமுனையில் பொத்தான்கள் கொட்டும் சத்தம்.

“ரெண்டு பேர் பார்த்தா ரெண்டு பொத்தான் வைக்கணும்டா. ஒருத்தி போனா ஒண்ணைத்தான் எடுக்கணும். நான் ஒண்ணே ஒண்ணு வெச்சேன், அதையும் எடுத்துட்டேன். கட்டம் காலின்னு நிரல் நம்பிடுச்சு.”

நிரலில் ‘ஆபத்து உண்டு, இல்லை’ என்றிருந்ததை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணாக மாற்றினாள். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். அத்தான் தனக்குத் தேநீர் வேண்டும் என்றார். அக்கா உடனே எழுந்து போனதை நான் கேட்டேன். சாதாரணமாக அது நடக்காது.

இன்று தேர்வு. முடிந்ததும் தானே கூப்பிடுவதாகவும், அதுவரை நான் கூப்பிடக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள். கேட்பேனா? காலையிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே பதில் வந்தது. இப்போது மணி அடிக்கிறது. அப்படியென்றால் தேர்வறையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

தேறினாயா என்று கேட்கத்தான் எண்ணை அழுத்தினேன். மணி அடிக்க அடிக்க, முதலில் வேறொன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. என்னிடம் கேட்டாயே, அதற்கு நன்றி அக்கா. நாற்காலியோ தொட்டியோ, எதுவென்றாலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இன்னும் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.