ஜரினா அக்கா பேசிய முதல் இங்கிலீஷ்

வகுப்பு முடிந்து அரை மணி நேரமாகிறது. எனக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை!

ராஜபாளையத்தில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். ஜரினா அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் நைட்டிக் கடை வைத்திருக்கிறார். பஸ் ஏறி வந்து, மூன்று மாதமாக வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். பெயரைச் சொல்லச் சொன்னாலே வியர்த்துவிடும்.

இன்று, மனசில்லாமல் பணம் கொடுப்பதைச் சொல்லும் பாடம்.

"தண்டம் அழுதேன்னு சொல்லுவோம்ல, அதுதான் 'கஃப் அப்'. ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றேன்.

அக்கா விருட்டென்று எழுந்தார். "டீச்சர், இதுக்கு எங்கிட்ட எம்புட்டு இருக்கு தெரியுமா?"

நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குச் செய்த செய்முறை, ஓடாத மிக்ஸிக்கு மூன்று தடவை ரிப்பேர், மகன் தொலைத்த ஹெல்மெட். அத்தனையும் இங்கிலீஷில்! திணறலே இல்லை.

கடைசியாக என்னைப் பார்த்தார்.

"எவ்ரி மன்த், ஐ கஃப் அப் ஃபைவ் ஹண்ட்ரட் ஃபார் திஸ் கிளாஸ்!"

ஒரு தப்பு இல்லை. முதலில் கை தட்டியது நான்தான்.

நீங்கள் கடைசியாக எதற்குத் தண்டம் அழுதீர்கள்? கமெண்டில் இங்கிலீஷில் கொட்டுங்கள்.

அக்காவுக்கு வாய் திறந்துவிட்டது. ஒன்றாம் தேதி ஃபீஸ் கேட்க எனக்குத்தான் இனி வாய் வராது.