கலீமா டீச்சரின் பித்தளை அண்டா

கலீமா டீச்சருக்கு இரண்டு பொருள்களின் மேல் உயிர். ஒன்று, கல்யாணத்துக்கு அவருடைய அம்மா கொடுத்த பித்தளை அண்டா. இன்னொன்று, எங்கள் பள்ளிக்கூடம். கணவர் லத்திப் மூன்றாவது என்று நான் ஒருமுறை சொல்லப்போக, "எனக்கு முன்னாடி அவ வளக்குற வாத்து இருக்கு" என்று அவரே திருத்தினார்.

அந்த அண்டாவில் ஒரே தடவையில் முன்னூறு பேருக்குச் சோறு வடிக்கலாம். லிகுவாசன் சதுப்பின் இந்தக் கரையில் அவ்வளவு பெரிய பாத்திரம் வேறு கிடையாது. கல்யாணம், சாவு, மக்கா போய் வந்தவர் வைக்கும் விருந்து எல்லாம் அதில்தான். இரவல் கொடுக்கும்போது டீச்சர் அண்டாவைச் சுற்றி வந்து, இருக்கிற நசுங்கல்களை விரலால் தடவி எண்ணுவார். திரும்பி வரும்போதும் எண்ணுவார். ஒன்று கூடியிருந்தால் அந்த வீட்டில் அடுத்த விசேஷம் தள்ளிப்போகும். அண்டாவைத் தூக்காமல் உருட்டிக்கொண்டு போன குற்றத்துக்காக, மாப்பிள்ளை முடிவான பிறகும் ஒரு குடும்பம் நான்கு மாதம் காத்திருந்தது. நான் மிகைப்படுத்தவில்லை, அந்த மாப்பிள்ளை என் பக்கத்து வீட்டுக்காரன்.

நான் நெஸ்டோர். ஒரு வருடம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டுப் போகலாம் என்று செபுத் தீவிலிருந்து தெற்கே இந்த மிண்டனாவ் தீவுக்கு வந்தவன். அது இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு. ஊரைவிட்டுப் போகச் சொல்லி எனக்கு மூன்று மிரட்டல் கடிதங்கள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை டீச்சர் வாங்கிப் பார்த்து, கையெழுத்தைக் கண்டுபிடித்து, சிவப்பு மையால் பிழை திருத்தி, எழுதியவனுடைய வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

எங்கள் ஊரில் அரசாங்கத்துக்கும் போராளிகளுக்கும் நடந்த போர் முடிந்துவிட்டதாகப் பெரியவர்கள் தலைநகரில் கையெழுத்துப் போட்டார்கள். துப்பாக்கிகள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர்த்தலைவர் தேர்தல் வரும். ஊர்த்தலைவரை நாங்கள் கப்பித்தான் என்போம். தேர்தல் வந்தால் பரணில் இருக்கும் துப்பாக்கியெல்லாம் இறங்கி எண்ணெய் குளித்துவிடும். ஜெயித்தவன் மறுநாள் மத்தியானம் ஊருக்கே சோறு போட வேண்டும், போடாவிட்டால் ஜெயித்ததாகவே யாரும் மதிக்க மாட்டார்கள். தோற்றவன் பேசாமல் வீட்டுக்குப் போனால் குடும்ப மானம் போய்விடும், அதனால் அவன் எதையாவது எரிக்க வேண்டும் அல்லது சுட வேண்டும். வழக்கமாகக் கைக்கு எட்டுவது பள்ளிக்கூடம். ஓட்டுப் போட்ட இடம், அரசாங்கச் சொத்து, திருப்பிச் சுடவும் சுடாது.

நான்கு வருடத்துக்கு முன் வந்த தேர்தலில் அப்படித்தான் எரிந்தது. ஓட்டுப்பெட்டியைக் காவல் காத்த எங்கள் சக வாத்தியார் மாமினுக்குத் தொடையில் குண்டு பாய்ந்தது, இன்றும் நொண்டுகிறார். பிள்ளைகள் இரண்டு மழைக்காலம் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மழை வந்தால் புத்தகத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஓடுவார்கள். கூரைத் தகரத்துக்காக டீச்சர் மாகாண அலுவலகத்துக்குப் பதினோரு தடவை போனார். பதினோராவது தடவை பாயும் தலையணையும் கொண்டுபோய் அதிகாரியின் மேஜைக்கு எதிரிலேயே விரித்துவிட்டார். தகரம் வந்தது.

புதுக் கட்டடம் எழுந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அடுத்த தேர்தல் வந்துவிட்டது. டீச்சர்தான் ஓட்டுச்சாவடித் தலைவி. நான் துணை.

"யாரு ஜெயிச்சா எனக்கென்ன தம்பி?" என்றார் என்னிடம். "ரெண்டும் என்கிட்ட படிச்ச கழுதைங்கதான். ஸ்கூலு நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அந்த இரண்டு கழுதைகள் சாலிக்கும் மக்மோடும். சொந்தச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். சாலிக் தன் ஓட்டர்கள் விலைபோகக் கூடாது என்று எண்பது பேரை ஒரு வாரம் தன் வீட்டு வளாகத்தில் பூட்டி வைத்து மூன்று வேளையும் மாட்டுக்கறி போட்டான். தேர்தலன்று கதவைத் திறந்தபோது பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை, நடக்க முடியவில்லை. மக்மோட் வேறு வழியில் போனான். எதிர்க்கட்சிக் கிழவர்களின் வீட்டுக்கு முந்தின நாளே ஆளனுப்பி, ஆளுக்கொரு சிகரெட் பெட்டி கொடுத்து, அவர்கள் விரலில் அழியாத மையைத் தடவிவிட்டு வந்தான். அதன் பிறகு அவர்கள் சாவடிக்கு வந்து என்ன பயன்?

டீச்சரையும் விட்டு வைக்கவில்லை. சாலிக் ஒரு ஆடு அனுப்பினான். "ஓட்டுப் போட வந்திருக்கியா? லிஸ்ட்ல உம்பேரு இல்லையே" என்று ஆட்டிடம் சொல்லித் திருப்பி ஓட்டிவிட்டார். மக்மோட் ஒரு ஃபிரிட்ஜ் அனுப்பினான். எங்கள் ஊரில் கரண்ட் கிடையாது. அதைக் கொண்டுவந்தவர்கள் திரும்பத் தூக்கிப் போக மறுத்துவிட்டதால், அது பள்ளியிலேயே நிற்கிறது. எலி தொடாமல் வருகைப் பதிவேட்டை அதில்தான் வைக்கிறோம்.

போன தடவை நடந்த கலவரத்தால், இந்தத் தடவை ஓட்டு எண்ணிக்கை டவுனில் என்று உத்தரவு. மூன்று மணிக்கு ஓட்டு முடிந்ததும் பெட்டியைப் படகில் ஏற்றி ஒன்றரை மணி நேரம் சதுப்பைக் கடக்க வேண்டும். நாணல் காட்டுக்குள் இடது பக்கம் சாலிக்கின் ஆட்கள், வலது பக்கம் மக்மோடின் ஆட்கள் என்று ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். காவலுக்கு வந்த இரண்டு சிப்பாய்களும் படகைப் பார்த்தார்கள், நாணலைப் பார்த்தார்கள்.

"படகு சின்னதா இருக்கே, மேடம்," என்றான் ஒருவன். "நாங்க ரோட்டு வழியா வந்துடறோம்."

டவுனுக்கு ரோடே கிடையாது.

டீச்சர் வீட்டுக்குப் போய் லத்திப்பும் இன்னும் மூன்று பேருமாக அண்டாவைத் தூக்கி வரச் செய்தார். படகின் நடுவில் வைத்து, ஓட்டுப்பெட்டியை அதற்குள் இறக்கி, மூடியைப் போட்டுக் கயிற்றால் கட்டினார். நானும் அவரும் அண்டாவுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தோம். லத்திப் துடுப்பைப் பிடித்தார்.

"இது எதுக்கு டீச்சர்?" என்றேன்.

"பேசாம வா."

பாதி வழியில் நாணல் அசைந்தது. இடுப்பளவு தண்ணீரில் சாலிக்கின் தம்பி எழுந்து நின்றான், கையில் நீளத் துப்பாக்கி, தலையில் ஆகாயத்தாமரை. அவனுக்குப் பின்னால் பத்துப் பேர். "பெட்டியக் குடுங்க டீச்சர்!" என்றான். உடனே வலது பக்கம் மக்மோடின் மச்சான் எழுந்தான். "குடுத்தீங்க, சுட்டுருவோம்!"

நான் படகின் தளத்தோடு தளமாகப் படுத்துவிட்டேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? டீச்சர் எழுந்து நின்று, அண்டாவோடு கொண்டுவந்திருந்த கரண்டியால் அதை ஓங்கித் தட்டினார். சதுப்பு முழுக்க அதிர்ந்தது.

"சுடுங்கடா! தாராளமா சுடுங்க! ரெண்டு பக்கமும் சுடுங்க! நாளைக்கு எவன் ஜெயிச்சாலும் ஊருக்குச் சோறு வடிக்கணும்ல? ஒரே ஒரு ஓட்டை விழுந்துச்சு, எதுல வடிப்பீங்க? உங்க தொப்பியிலயா?"

நாணலிலிருந்து கொக்குகள் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தன.

"டேய், துப்பாக்கியக் கீழ எறக்குடா," என்று சாலிக்கின் தம்பி எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தினான். "அண்டால பட்டுடப் போவுது!"

"நீ எறக்குடா மொதல்ல! உங்காளு ஒருத்தனுக்குக் கை நடுங்குது பாரு!"

"அவனுக்குக் குளிருதுடா, காலையிலேர்ந்து தண்ணியில நிக்கிறான்!"

ஒரு பக்கம் பெட்டியை எடுக்க வந்தால் மறுபக்கம் சுடும், சுட்டால் அண்டா போகும். கடைசியில் இரு தரப்பும் அவரவர் படகுகளை இழுத்து வந்து எங்களுக்கு இரண்டு பக்கமும் காவலாகத் துடுப்புப் போட்டார்கள். டவுன் துறையில் இறங்கியபோது எங்களோடு இருபத்துமூன்று துப்பாக்கிகள் இருந்தன. நாட்டின் ஜனாதிபதிக்குக்கூட அவ்வளவு கவனமான பாதுகாப்பு கிடைத்திருக்காது. "மெதுவா, மெதுவா, நசுங்கிடப் போவுது" என்று அவர்களே அண்டாவை இறக்கினார்கள்.

எண்ணி முடித்தார்கள். சாலிக் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான்.

மறுநாள் காலை, சாலிக் டவுனில் மாலையும் கழுத்துமாக போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் மூவரும் அண்டாவோடு ஊர் திரும்பினோம். துறையிலிருந்தே தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் மக்மோடும் ஆட்களும், கையில் மண்ணெண்ணெய்க் கேன்.

டீச்சர் படகு நிற்பதற்குள் குதித்து, முழங்கால் சேற்றோடு ஓடினார்.

"டேய் மக்மோடு, கேனைக் கீழ வை."

"தள்ளிப் போங்க டீச்சர். உங்க மேல எனக்குக் கோவமில்ல."

"பின்ன யாரு மேல?"

"சாலிக் மேல."

"சாலிக் உள்ள இருக்கானா? படிக்கிற காலத்துலயே அவன் இங்க வந்ததில்ல."

மக்மோடுக்கு அழுகை முட்டியது. "மூணு ஓட்டு டீச்சர்! நான் சும்மா வீட்டுக்குப் போனா என் பொண்ண எவன் கட்டுவான்? நான் ஏதாவது செஞ்சே ஆகணும்."

"செய்யி. வேணாம்னேனா? ஆனா யோசிச்சுச் செய்யி. ஸ்கூல எரிச்சா சாலிக்குக்கு என்னடா நஷ்டம்? திரும்பக் கட்டப் பணம் வரும். கப்பித்தான் யாரு? அவன். பாதிய அவன்தான் திம்பான். நீ அவனுக்குச் சம்பாதிச்சுக் குடுக்குற. கணக்குல நீ அப்பவும் மக்கு, இப்பவும் மக்கு."

மக்மோட் கேனைப் பார்த்தான். அந்தக் கணக்கு அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

டீச்சர் துறைப்பக்கம் திரும்பினார். படகின் நடுவில் அண்டா வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்த நேரம் எனக்கு மிக நீளமாகத் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இன்னிக்கு மத்தியானம் அவன் ஊருக்குச் சோறு போடணும். எதுல வடிப்பான்?"

எல்லோரும் அண்டாவைப் பார்த்தார்கள். லத்திப் துடுப்பைப் போட்டுவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "டீச்சர், வேணாம்," என்றேன்.

அவர்தான் இடம் காட்டினார். மைதானத்தின் நடுவில், கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம், மக்மோடின் ஆட்கள் அண்டாவைத் தூக்கி வந்து வைத்தார்கள். "அங்க பாத்துச் சுடு. ஸ்கூல் சுவத்துல ஒண்ணு பட்டுச்சு, தோலை உரிச்சுடுவேன்." மக்மோட் ஏழு தடவை சுட்டான். ஒவ்வொரு தடவையும் அண்டா கோயில் மணிபோல் கத்தியது. மானம் தீர்ந்ததும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க டீச்சர்," என்றான். கேனையும் மறக்காமல் எடுத்துப் போனான்.

டீச்சர் அண்டாவைச் சுற்றி வந்தார். வழக்கம்போல் விரலால் தடவி எண்ணினார். "நசுங்கல் பதினொண்ணு. சரியா இருக்கு," என்றார். ஓட்டைகளை அவர் எண்ணவில்லை. வகுப்பறைக்குள் போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மாமின் குண்டடி பட்டபோதுகூட அழாதவர். லத்திப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்ச் முறிந்து இருவரும் தரையில் விழுந்தார்கள். புதுக் கட்டடத்தில் தேர்தலால் வந்த ஒரே சேதம் அதுதான்.

சாலிக் மாலையோடு வந்து தலையில் அடித்துக்கொண்டான். நாற்பது வீட்டிலிருந்து நாற்பது சட்டியை வாங்கிச் சோறு வடித்தான். ஒன்று குழைந்தது, ஒன்று அரைவேக்காடு, மூன்றில் உப்பே இல்லை. மத்தியானச் சோறு சாயங்காலம்தான் இலைக்கு வந்தது. "இதையெல்லாம் விருந்துன்னு சொன்னா அல்லாவே சிரிப்பார்," என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்றைக்கும் அவனுக்குப் பெயர் அரைக் கப்பித்தான்.

பழைய பள்ளி மணி முந்தின தேர்தல் தீயில் உருகிப்போயிருந்தது. இப்போது தாழ்வாரத்தில் அண்டாவைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறோம். காலை ஏழரைக்கு டீச்சர் கரண்டியால் தட்டுவார். ஏழு ஓட்டை வழியாகவும் சத்தம் பிய்த்துக்கொண்டு கிளம்பும், அக்கரையில் இருக்கும் பிள்ளைகளும் படகில் ஏறிவிடுவார்கள்.

போன மாதம் டீச்சர் கடைக்காரனிடம் பெரிய பித்தளை அண்டாவுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"நல்லது டீச்சர். ஊர்ல கல்யாணம் எல்லாம் நின்னு கெடக்கு."

"கல்யாணத்துக்கா?" என்றார், கடை அண்டாவின் அடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. "அடுத்த எலெக்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் தம்பி இருக்கு. தோக்குறவன் சுடறதுக்கு ஒண்ணு வேணாமா?"