மூச்சு வாங்கும் வண்டி

அந்த வீட்டில் கவனிப்பு என்று ஒரு மண்ணும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அம்மா வேலை முடிந்து வரும்வரை நான் அடைந்து கிடந்த இடம் அது. ஔந்து என்கிற பகுதியில் ஒரு பழைய குடியிருப்பின் இரண்டாவது மாடி. கீழே கேட்டில் இங்கிலீஷில் போர்டு தொங்கும். ஓவியம், கதை நேரம், வீட்டுப்பாட உதவி, சத்தான சிற்றுண்டி. சத்தான சிற்றுண்டி என்றால் நமத்துப்போன பிஸ்கட். கதை நேரம் என்றால் டிவி. நடத்தியவர் ஒரு மராத்திக்கார அம்மாள், எங்கள் எல்லோருக்கும் காக்கூ, அதாவது சித்தி. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாரென்றால் குறட்டை டிவியை மிஞ்சிவிடும். ஒருத்தன் இன்னொருத்தியைக் கடித்து வைத்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஆனால் ஒருநாளும் யாரையும் அடித்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். அடிப்பதற்கும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டுமே.

இந்தக் கோபமெல்லாம் எனக்குப் பிற்பாடு வந்தது. அப்போது இரண்டாம் வகுப்பு. டிவி இருந்தது, கேட்க ஆளில்லை, எனக்கென்ன குறை? என் மண்டையைக் குடைந்ததெல்லாம் அம்மாவின் ஸ்கூட்டர்தான்.

அம்மா பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரை பேக்கிங்கில் இருந்தாள். எல்லாவற்றிலும் அவசரக்காரி. நின்றபடி சாப்பிடுவாள், நடந்தபடி எனக்குத் தலை பின்னுவாள். அப்படிப்பட்டவள் அந்த கேட்டுக்கு வந்தால் மட்டும் ஆமையாகிவிடுவாள். முதலில் ஹாரன், நீளமாக, திரும்பத் திரும்ப. பிறகு வண்டியை ஸ்டாண்ட் போட்டு சீட்டைத் துடைப்பாள். பிறகு வாட்ச்மேனிடம் போய், "க்யா பையா, சாய் ஹோ கயா க்யா?" என்று கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பாள். அந்த ஆள் டீ குடித்தால் இவளுக்கென்ன, குடிக்காவிட்டால் இவளுக்கென்ன? அப்புறம் இருமிக்கொண்டே படியேறுவாள்.

மேலே ஹாரன் கேட்டதும் எங்களுக்கு வேலை தொடங்கிவிடும். எங்களில் பெரியவள் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு. அவள் "ஆயி ஆலீ!" என்று கத்துவாள். அம்மா வந்தாச்சு என்று அர்த்தம். டிவி அணையும். ஓவிய நோட்டுகள் விரியும். காக்கூ எழுந்து கொண்டை போட்டுக்கொள்வார். எல்லாருக்கும் முகத்தில் தண்ணீர், அதன்மேல் பவுடர். அம்மா உள்ளே வந்து என் கன்னத்தை மோந்து பார்ப்பாள். நான் வரைந்த மலையையும் சூரியனையும் காட்டுவேன். "அடடா, சூப்பரா கீதுடி" என்பாள். அந்த மழைக்காலம் முழுக்க நான் காட்டியது ஒரே படம். அவளும் தினமும் புதிதாகப் பார்ப்பதுபோல அடடா என்றாள்.

ஏன் இவ்வளவு நேரம் கீழே நிற்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"வண்டிக்கு மூச்சு வாங்கணும்டி. பிம்ப்ரிலேர்ந்து ஓடியாருது இல்ல?"

இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. சரி, நிஜம்தான். ஆனால் மார்க்கெட்டில் இறங்கினால் அதற்கு மூச்சு வாங்குவதில்லை, கோவில் வாசலிலும் வாங்குவதில்லை. அதையும் கேட்டேன். இங்கே மேடு என்றாள். மறுநாள் கேட் முன்னால் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தேன். அது வைத்த இடத்திலேயே கிடந்தது.

அப்பாவுக்குக் கட்கியில் ராணுவ ஆயுதத் தொழிற்சாலையில் வேலை. சைக்கிளில் போய்வருவார். அந்த சைக்கிளுக்கு மணி கிடையாது. மாட்டச் சொன்னால், எனக்குத் தொண்டை இருக்கிறது என்பார். அம்மா வேலைக்குப் போவதற்கு அவர் போட்ட நிபந்தனை வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். "புள்ளைக்கு ஒரு கொறைன்னு என் கண்ணுல பட்டுச்சு, அன்னிக்கே வேலைக்கு முழுக்கு." 

ஒருநாள் கடும் மழை. கம்பெனியில் அம்மாவை இருக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா வந்தார். ஹாரனும் இல்லை, மணியும் இல்லை, தொண்டையையும் திறக்கவில்லை. நேரே மாடியேறி வந்து நின்றார்.

கம்பிக் கதவு வெளியே பூட்டியிருந்தது. காக்கூ எங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கோதுமை அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தார். டிவி அலறிக்கொண்டிருந்தது. இருப்பதிலேயே சின்னப் பையன், பால்பல் விழுந்தவன், சமையலறையிலிருந்து கேஸ் லைட்டரை எடுத்துவந்து திரைச்சீலைப் பக்கத்தில் உட்கார்ந்து டிக் டிக் என்று அழுத்திக்கொண்டிருந்தான்.

கம்பிக்கு வெளியே சொட்டச் சொட்ட நின்ற ஆளைப் பெரியவள்தான் முதலில் பார்த்தாள். "பாபா ஆலே!" என்று கத்தினாள். யாருடைய அப்பா என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. பழக்கம் அப்படி. டிவி அணைந்தது. லைட்டரைப் பிடுங்கி சோபாவுக்கு அடியில் எறிந்தாள். நோட்டுகள் விரிந்தன. முகங்கள் நனைந்தன. பவுடர் டப்பாவைக் கவிழ்த்தால் காலி. அவள் ஒரு நொடி யோசித்தாள். என் பையில் அம்மா வைத்துவிடும் விபூதி டப்பா இருந்தது, முகம் கழுவினால் நெற்றியில் இட்டுக்கொள்ள. மராத்திப் பெண்ணுக்கு அதுவும் வெள்ளைப் பொடிதானே. அள்ளி எல்லார் மூஞ்சியிலும் அப்பிவிட்டாள். எல்லாம் அப்பாவின் கண்ணெதிரிலேயே. கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து படம் வரையும் குட்டிப் பண்டாரங்கள்.

"இன்னாடி இது?" என்றார் அப்பா. 

நான் விளக்கினேன். "நீ ஹாரன் அடிக்கலப்பா, அதான் லேட்டாயிடுச்சு. அம்மா தெனம் அடிக்கும்."

அதற்குள் காக்கூ மாவு டின்னோடு மூச்சிரைக்க ஓடிவந்து, "தோனச் மினிட், பாவ்!" என்று பூட்டைத் திறந்தார். இரண்டே நிமிஷமாம், அண்ணனாம். அப்பா கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் குனிந்து சோபாவுக்கு அடியிலிருந்து லைட்டரை எடுத்துக் காக்கூவின் கையில் கொடுத்தார். என்னை சைக்கிளில் உட்காரவைத்து மழையிலேயே ஓட்டினார். 

அம்மா நனைந்துபோய் வந்து சேர்ந்தாள்.

"கதவப் பூட்டிட்டுப் போயிடுது அந்தம்மா. தெரியுமா உனக்கு?" என்றார் அப்பா.

 அம்மா பையிலிருந்து கம்பெனி யூனிஃபார்மை எடுத்தாள். தினமும் அதை நேரே பக்கெட்டில் போடுவாள். அன்று மடித்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"சொல்லுங்க. தொவைக்கட்டுமா, வேணாமா?"

வீட்டு வாடகை, என் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், எல்லாம் அந்த நீலத் துணியின் மேல்தான் நின்றது. வேறு இடம் தேடலாம்தான். போர்டில் எழுதியதை எல்லாம் நிஜமாகவே செய்கிற இடங்களும் ஔந்தில் இருந்தன. அங்கே பணம் கட்டுகிறவர்கள் காரில் வந்தார்கள். தரமான பராமரிப்பு என்று இன்றைக்கு எவராவது வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தரம் பார்ப்பதற்கு முதலில் போக இன்னொரு இடம் இருக்க வேண்டும்.

அப்பா அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு, "அங்க பவுடர் தீந்துபோச்சு போல. ஒண்ணு வாங்கிக் குட்து அனுப்பு" என்றார்.

அம்மா யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சுத்தியலோடு காக்கூ வீட்டுக்குப் போனார். லைட்டரை மாட்ட சமையலறைச் சுவரில் ஆணி அடித்துவிட்டு வந்தார். காக்கூவுக்கே ஸ்டூல் போட்டால்தான் எட்டும்.

அடுத்த முறை அவர் என்னை அழைக்க வந்தபோது கீழே கிணிங் கிணிங் என்று விடாமல் சத்தம் கேட்டது. பெரியவள் கத்தினாள். டிவி அணைந்தது. புது டப்பாவிலிருந்து பவுடர் பறந்தது. வெகுநேரம் கழித்து அப்பா இருமிக்கொண்டே படியேறி வந்தார். என் மலையையும் சூரியனையும் பார்த்து, நல்லா கீது என்றார்.

கீழே வந்து பார்த்தால் சைக்கிளில் பளபளவென்று ஒரு மணி.

"சைக்கிளுக்கும் மூச்சு வாங்குமாப்பா?"

"வாங்குதே, இன்னா பண்றது" என்றார்.

நான் தொட்டுப் பார்த்தேன். ஹேண்டில்பார், சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பி, சக்கரம். எங்கே தொட்டாலும் சில்லென்று இருந்தது. இன்ஜின் இல்லாத வண்டிக்கு எங்கிருந்து மூச்சு வாங்கும் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.