பந்தயத்துக்குப் பேர் கொடுத்த மாமா

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம் எங்கள் ஊர் லோவுவில் வாரத்துக்கு ஒரு இந்தியர் வீடு காலியானது. சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர். எனக்கென்று மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். "நீயும் போயிடுவியா?" என்று கேட்டபோது, "கரும்ப விட்டுட்டு நாங்க எங்கடா போறது?" என்றாள். நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் மாமா, அவள் புருஷன். நான் சைக்கிள் பந்தயக்காரன். நாற்பது வயதில், தொப்பையும் பிரஷருமாக இருந்த மனுஷன் திடீரென்று வந்து, "ஜோடிப் பந்தயத்துக்கு நானும் வரேன் மச்சான்" என்றார். வீட்டில் ஹிந்தியே பேசுகிறவர்; காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். என் பழைய ரேஸ் சைக்கிளைக் கொடுத்தேன். ஜனவரிப் பந்தயத்துக்கு இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். ஊரைவிட்டுப் போகிறவன் ஜனவரிக்குப் பேர் கொடுப்பானா?

ஜனவரி எங்களுக்குக் கோடை. பந்தயம் உச்சிவெயிலில் என்பதால் பயிற்சியும் உச்சிவெயிலில்தான். தார் இளகி டயரில் ஒட்டும். அந்த வருஷம் கரும்பு வெட்டு தள்ளிப்போனதால் இருபுறமும் ஆளுயரக் கரும்பு சூட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். நான் முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்குவேன், அவர் என் பின்சக்கரத்தை ஒட்டியே வருவார். இரண்டு முறை வாந்தி எடுத்தார், விடவில்லை. மூன்று மாதத்தில் தொப்பை வற்றியது. எனக்கு ஒரே பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாமா தனக்குக் காய்ச்சல் என்றார். "நீ மட்டும் பா டவுன் பக்கம் போ மச்சான். அங்கதான் நல்ல ஏத்தம் இருக்கு." நாங்கள் எப்போதும் போவது நாண்டி விமான நிலையத்துப் பக்கம். பா டவுன் அதற்கு நேர் எதிர்த் திசை. அக்கா கேட் வரை வந்தாள். "வெயில்ல அவசரப்படாத. மெதுவா வா" என்றாள்.

நான் அவசரப்பட்டேன். அன்று ஓட்டியதுபோல் முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. எடுத்த நேரத்தை மாமாவிடம் சொல்ல நேராக அவர்கள் வீட்டுக்குத்தான் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பூர்வகுடி ஃபிஜிக்காரர் வேலியருகே வந்து, "கனடாவுக்குக் கெளம்பிட்டாங்களே, நீ ஏர்போர்ட் போகலையா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் நாய்க்கும் தெரிந்திருக்கும்.

எங்களில் ஒருத்தர் வெளிநாடு கிளம்பினால் வேன் நிறைய ஆள் ஏறி, மாலையும் கையுமாக ஏர்போர்ட்டில் நின்று அழுவது வழக்கம். தம்பி என்ற முறையில் முதல் மாலை என்னுடையது. அதைக் கொடுக்காமல் என்னை மேடு ஏற அனுப்பிவிட்டார்கள். சொந்த அக்காவே ஏமாற்றிவிட்டாள். ஜோடி இல்லாததால் பந்தயத்துக்கும் போகவில்லை.

அது முடிந்த வாரம் போன் வந்தது. முதலில் மாமா பேசினார். "விசா மெடிக்கல்ல பிரஷர்னு தள்ளிடுவாங்கன்னு பயந்தோம். நீ ஓட்ட வச்சதாலதான் பாஸாச்சு மச்சான்" என்று நன்றி சொன்னார். ஆக, அவளை அனுப்பி வைத்ததே நான்தான், என் காலால் மிதித்து.

அப்புறம் அக்கா வந்தாள். "கோவமா?"

"சொல்லியிருந்தா யார்கிட்டயும் வாயத் தெறந்திருக்க மாட்டேனே."

"அது தெரியும்டா. நீ அழுவ. நீ அழுதா நான் கெளம்பியிருக்க மாட்டேன்."

அதற்காகத்தானே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, அங்கே ரொம்பக் குளிரா என்று கேட்டேன்.