கணக்கில் வராத மேல் அறை

ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குப் பகல்தான் இரவு. மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது எந்தக் காலத்திலும் புரிந்ததில்லை. ஒரே சுவருக்கு இரண்டு குடும்பம். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் இந்தப் பக்கம் என் கணவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். நைட் ஷிப்டு முடிந்து வந்து, காதில் பஞ்சை அடைத்து, முகத்தை என் துப்பட்டாவால் மூடிக்கொண்டு படுப்பார். மகள் பொம்மையோடு பேசினாலும் நான் அதட்டுவேன். பிள்ளை கிசுகிசுத்தே பேசப் பழகிவிட்டாள்.

ஒருநாள் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் முன்னால் அவருக்குக் கண் அசந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் விரல்கள் மிஞ்சின. அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வாங்கியே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது அன்றைக்குத்தான்.

சொல்லப்போனால் எனக்கு வேண்டியிருந்தது வீடு இல்லை, ஒரு அறை. இரண்டு தெரு தள்ளி அது கிடைத்தது. கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தெலுங்குக்காரர் ஒருவர், பெங்களூரில் இருக்கும் மகனிடம் போவதற்காக வீட்டை விற்கிறார் என்றார்கள். கீழ்ப்பகுதி சுமார்தான். மாடியில் பின்பக்கமாக ஒற்றை அறை. கதவையும் ஜன்னலையும் சாத்தினால் பட்டப்பகலிலும் இருட்டு, தெருச் சத்தம் ஏறவே இல்லை. அங்கே நின்றபடியே, "இந்த வீடு போதும்" என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்டும் போட்டோம். வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்தோம்.

அதற்குள் ஆனி முடியப் போகிறது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். வீட்டை விற்கிறவர் தானாகவே சாவியை நீட்டினார். "பேங்கு அது பாட்டுக்கு நடக்கட்டும்மா. நீங்க ஆனியிலயே பால காச்சிடுங்க." அவ்வளவு நல்ல மனிதர் என்று நெகிழ்ந்து போனோம். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, வாழைமரம் கட்டி, பால் காய்ச்சி, சாப்பாடும் போட்டோம். ஆவணியில் பத்திரம் முடித்துக் குடிபோக வேண்டியது. பத்திரம் இல்லாத வீட்டுக்குப் பந்தி போட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஆடியில் வங்கி அனுப்பிய இன்ஜினியர் மதிப்புப் போட வந்தார். நான்தான் முந்திக்கொண்டு அவரை மாடிக்குக் கூட்டிப் போனேன். "நல்ல ரூம் மேடம்" என்றார். பிறகு பிளானைப் பிரித்துப் பார்த்தார்.

"அப்ரூவல் கீழ்த்தளத்துக்கு மட்டுந்தான் இருக்கு. மேல கட்டினத நான் கணக்குல எடுக்க முடியாது."

"இருக்கற சுவத்த இல்லேன்னு எழுதுவீங்களா சார்?"

"இல்லேன்னு எழுத மாட்டேன் மேடம். எழுதாம விட்டுடுவேன்."

அப்படியே விட்டுவிட்டார். அவர் போட்ட மதிப்பு நாங்கள் பேசிய விலைக்கு எவ்வளவோ கீழே நின்றது. அந்த மதிப்பில்தான் வங்கி ஒரு பங்கைக் கடனாகத் தரும், மிச்சத்தை நாம் புரட்ட வேண்டும். வங்கியில் கெஞ்சினேன், கொஞ்சம் சண்டையும் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் போனோம். காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். அவர் குரல் உயரவே இல்லை.

"நானும் அங்க பையனுக்கு இந்தப் பணத்தத் தர்றதா வாக்கு குடுத்துட்டேன். கொறைக்க முடியாதும்மா. வேண்டாம்னா விட்டுடுங்க. ஆனா, பால் காச்சின வீட்ட விட்டுட்டு எங்கம்மா போவீங்க?"

எனக்கு வாயில் நல்லா வந்தது. விழுங்கிக்கொண்டேன், அவர் சொன்னது உண்மை. பால் காய்ச்சிய வீட்டை விட்டால் ஆகாது என்று மாமியார் வீட்டில் ஏற்கெனவே அழுகை. வந்து சாப்பிட்டுப் போனவர்கள் வாய் வேறு சும்மா இருக்காது. சாவியை வாங்கியபோதே பேரம் பேசும் வாயைப் பூட்டிவிட்டோம்.

என் வளையல்கள் அடகுக்குப் போயின. சீட்டைத் தள்ளி எடுத்தோம். அப்படியும் போதாமல் கைமாற்று வாங்கினோம். ஆவணியில் பத்திரம் முடிந்தது. மாடி அறைக்குக் கனத்த கறுப்புத் துணியில் நானே திரை தைத்து மாட்டினேன். புது மெத்தை போட்டேன். ஃபேன் சத்தம் போடாததாகப் பார்த்து வாங்கினேன்.

கைமாற்றை அடைக்க என் கணவர் நைட் ஷிப்டோடு பகலிலும் பாதி நாள் ஓவர்டைம் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போகிறார். மத்தியானம் வந்து சாப்பிட்டவுடன் கூடத்திலேயே வெறுந்தரையில் சாய்ந்துவிடுகிறார். தெருவில் ஆட்டோ போகிறது, காய்கறிக்காரர் ஒலிபெருக்கியில் கத்துகிறார், தூக்கத்தில் இவர் இமை துடிக்கிறது.

"மேல போய்ப் படுங்களேன்" என்றேன் நேற்று.

"ஏறி எறங்கற நேரத்துக்கு இங்கயே கொஞ்சம் தூங்கிக்கறேன். மறுபடி போவணுமில்ல."

அந்த மிஷின் முன்னால்தான் போய் நிற்கப் போகிறார். எனக்கு அந்த வீட்டின் மேல், இன்ஜினியர் மேல், சாவி கொடுத்தவர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக ஆடி மாதத்தின் மேல் ஆத்திரமாக வந்தது. மகளுக்கு இப்போது ஓடி விளையாட இடம் இருக்கிறது. ஆனாலும் அவள் என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"அம்மா, அப்பாவோட ரூம்ல அப்பா எப்பம்மா தூங்குவாரு?"

மழைத் தூறலுக்கு நான் அங்கேதான் துணி காயப் போட்டிருந்தேன்.