நிஷாவின் பெயருக்குக் கீழே எவனோ எழுதியது

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஆன்லைன் கேம் குழுவில் என் பேத்தி நிஷாவைச் சேர்ப்பதாக இருந்தார்கள். அவ்வளவு வேகமான கை அவளுக்கு. இன்று காலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

விளையாடுகிறவர்களின் பெயரைத் தட்டினால், அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைக் காட்டும் இணையதளம் இருக்கிறதாம். நிஷாவின் பெயருக்குக் கீழே எவனோ, "ஃபைனலில் பாதியில் ஓடிவிட்டாள், நம்பாதீர்கள்" என்று எழுதியிருக்கிறான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் அவன் எழுதிய தேதியைப் படிக்கத் தெரியும். அது போன தீபாவளிக்கு முந்தின நாள். கிள்ளான் வீட்டுக் குளியலறையில் நான் வழுக்கி விழுந்து, இவளைக் கூப்பிட்ட நாள்.

"ஏண்டி அவங்ககிட்ட சொல்லல?"

"பாட்டி விழுந்துட்டாங்கன்னுதான் எல்லாரும் எக்ஸ்கியூஸ் சொல்றாங்க. யாரு நம்புவா லா?"

எனக்கு மனசு ஆறவில்லை. என் பெயரிலேயே கணக்குத் திறந்து, "விழுந்தது நான். என்னைத் தூக்கத்தான் எழுந்து வந்தாள்" என்று எழுதி, என் படத்தையும் போட்டேன்.

உடனே ஒருவன் பதில் போட்டான்: "பொய்க் கணக்கு. இப்படி ஒரு பாட்டியே கிடையாது."

அதைப் படித்ததும் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். வலி இருக்கிறது.

என்னை நேரில் பார்த்தவர்கள் யாராவது அங்கே போய், நான் இருக்கிறேன் என்று எழுதுவீர்களா?