கோச் ஒளித்துத் தின்ற பேரீச்சம்பழம்

கோச் குனிந்து, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை ஐஸில் வைத்து அழுத்துவார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கும். பிறகு ஓரத்தில் மெஷினில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தேடிப் பார்த்துத் தலையை ஆட்டுவார். ஐஸ் சரி என்று அர்த்தம். பேச்சு ஒன்றும் இருக்காது. அவருடைய ஆங்கிலம் எனக்கு விளங்காது, என்னுடைய வாயும் லேசில் திறக்காது. எங்கள் இருவருக்கும் அந்தத் தலையாட்டலே போதுமாக இருந்தது. போதும் என்று நினைத்ததில்தான் எல்லாம் பிழையாய்ப் போனது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இலங்கையில், எங்கள் கல்முனையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி செய்யும் இடத்தில் வேலை பார்த்தேன். பிறகு வெளிநாட்டுக்குப் போக ஏஜென்டிடம் போனபோது, ஐஸ் வேலை தெரிந்த ஆள் என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். அது பொய்யுமில்லை. ஒரு வளைகுடா நாட்டில், ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஐஸ் மைதானத்தில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். வெளியே வெயிலில் செருப்பு இளகும். உள்ளே போனால் பல் கிடுகிடுக்கும். பையன்கள் விளையாடி ஐஸ் கீறுப்பட்டதும், மெஷினில் ஏறி மேல்பக்கத்தைச் சீவி, சுடுதண்ணீர் விட்டு மீண்டும் வழுவழுப்பாக்குவது என் வேலை. சறுக்குச் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் எங்கள் பக்கத்து ஊரான பாலமுனைத் தம்பி ஒருவன் இருந்தான். என்னை அண்ணனாக எண்ணிக் காக்கா என்பான். காணும்போதெல்லாம், “காக்கா, நம்மட ஊர்ல மீனுக்கு ஐஸ், இஞ்ச மனிசனுக்கு ஐஸ். ரெண்டும் பழுதாகாம இரிக்கத்தான்” என்று சிரிப்பான்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் ஐஸ் ஹொக்கிக் குழு என் கண்முன்னால் தொடங்கியது. மணலில் பிறந்து வளர்ந்த பையன்கள். குளிர் தேசத்திலிருந்து அவர்களுக்கென்று கோச் வந்தார். முதல் மாதம் முழுக்க, கலியாண வீட்டில் கூச்சப்பட்டு நிற்கும் பிள்ளைகள்போல அவர்கள் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தார்கள். கோச் மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. முதலில் விழப் பழக்கினார். தானே விழுந்து காட்டினார். பெரிய ஆள், விழுந்தால் மைதானமே அதிரும். பையன்கள் சிரித்தார்கள், பிறகு விழுந்தார்கள். முதல் போட்டியில் எதிர்க் குழுவுக்கே எங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. அவ்வளவு தோல்வி. கப்டன் அழுதுகொண்டு வெளியே வந்தான். கோச் அவன் தலையில் தட்டி ஏதோ சொன்னார். பாலமுனைத் தம்பியிடம் கேட்டேன். “இண்டைக்கு ஒருத்தனும் சுவரைப் பிடிக்கல்லயாம் காக்கா, அதுக்குச் சந்தோசப்படுறார்” என்றான். சில வருடங்களில் அதே பையன்கள் கிண்ணம் வென்றார்கள். படம் எடுக்க என்னையும் இழுத்தார்கள். நான் மெஷினுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். படத்தில் என் தொப்பி மட்டும் இருக்கிறது.

தொடங்கிய வருடத்து நோன்பு மாதத்தில் குழு கலைந்துபோகப் பார்த்தது. பின்னேரம் பயிற்சி, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பையன்கள் ஏலாது என்றார்கள். கோச் நடுவில் நின்று, நீங்கள் குடிக்கும்வரை நானும் குடிக்க மாட்டேன், தின்னவும் மாட்டேன் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு நோன்பிலும் அப்படித்தான். நோன்பு திறக்கப் பாங்கு சொன்னதும் பையன்கள் முதல் பேரீச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் தாங்கள் எடுப்பார்கள். வேற்று மதத்தவர் எங்களுக்காக நோன்பு பிடிக்கிறார் என்று அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. மற்றக் குழுக்காரர்களிடமும் அதைச் சொல்லித் திரிந்தார்கள்.

பிறகு கோச்சுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நோய் வந்தது. நேரத்துக்கு ஏதாவது வாயில் போடாவிட்டால் உடம்பு நடுங்கும். அந்த வருட நோன்பில், பயிற்சிக்கு நடுவே அவர் என் மெஷின் அறைக்குள் போய் வருவதைக் கண்டேன். தண்ணீர் வாளிக்குப் பின்னால் ஒரு பொட்டலம் இருந்தது. உள்ளே பேரீச்சம்பழம். எனக்கு அவர்மேல் ஒரு குறையும் தோன்றவில்லை. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, அவருக்கோ எங்கள் நோன்பே கடமையில்லை. ஆனால் பையன்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு ஒளித்துத் தின்னும் ஒரு மனிதருக்கு, இன்னொருவன் கண்டுவிட்டான் என்று தெரிந்தால் எவ்வளவு கூச்சமாக இருக்கும்? ஆகவே நான் காணாதவனாக நடந்துகொண்டேன். அறைக்குப் போகும்போது தூரத்திலேயே இருமுவேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார், நான் மெஷினைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

அதே நோன்பில், பெரிய போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, புதிதாக வந்த மேற்பார்வையாளர், ஆளில்லாத நேரம் மெஷின் அறையைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். பயிற்சிக்கு நடுவே அஸர் என்கிற பின்னேரத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகவேண்டும். அறைத் திறப்பு என்னிடம்தான், அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோச் கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தார். அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கொடுத்தால், ஏன் தருகிறான் என்று யோசிப்பார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். வெட்கம் என் கையைப் பிடித்தது. தொழுதுவிட்டு ஓடிவந்து திறக்கலாம் என்று பூட்டினேன்.

ஓடித்தான் வந்தேன். பையன்கள் வட்டமாகக் குனிந்து நின்றார்கள். கோச் ஐஸில் கிடந்தார். தலை சுற்றி விழுந்திருக்கிறார். பழக்கிய விழுகை அல்ல அது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. “ரெண்டு தரம் ஒங்கட கதவை வந்து ஆட்டிப் பார்த்தார் காக்கா, என்ன தேவையெண்டு கேட்டன், சொல்லல்ல” என்றான் பாலமுனைத் தம்பி.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் நின்றேன். கோச் என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் நியாயம்தான் என்று எண்ணித் திரும்பி வந்துவிட்டேன். அவரைச் சக்கர நாற்காலியில் ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த கோச் ஐஸைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கொஞ்சக் காலத்தில் குழு இல்லாமலே போனது. அதன் பிறகு நானும் ஊருக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் அந்தக் கப்டன் எனக்குப் போன் எடுத்துப் பேசினான். இப்போது அவனும் பிள்ளைகளுக்குத் தகப்பன். குழுவின் வரலாற்றைச் சேர்க்கிறானாம், ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்தவன் நான் ஒருவன்தானாம். தெரிந்த அரபியில் சொன்னேன். கோச் எங்களோடு நோன்பு பிடித்ததை மறக்காமல் சொல்லுங்கள் என்றான். சொன்னேன். குழு ஏன் நின்றது என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான், கோச் உங்களோடு கதைக்க விரும்புகிறார் என்று சொல்லி அவருடைய இலக்கத்தை அனுப்பினான்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைத்தேன். போனில் கோச்சின் முகம் வந்தது. மெலிந்துபோயிருந்தார். கனநேரம் பேசினார். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“வாப்பா, அவர் மன்னிப்புக் கேக்கிறார்.”

“எதுக்கு?”

“நோன்பு நேரம் ஒங்கட அறைக்குள்ள இரிந்து தின்டதுக்காம். அந்தக் கோவத்திலதான் நீங்க கதவைப் பூட்டின எண்டு நினைச்சிட்டாராம். ஆஸ்பத்திரியில ஒங்கட மூஞ்சப் பார்க்க வெட்கமாப் போச்சாம்.”

நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

“தெரியும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே வாப்பா. இல்லாட்டித் திறப்பையாவது குடுத்திரிக்கலாம். ரெண்டு பேரும் வெட்கப்பட்டு வெட்கப்பட்டே ஒரு மனிசன்ட இடுப்ப ஒடைச்சிரிக்கீங்க!”

திட்டிவிட்டு, அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். கோச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். மகள் அதைச் சொல்லத் தயங்கினாள்.

“சொல்லு மகள்.”

“இடுப்பு சுகமானதும் அந்தப் பல்கலைக்கழகம் அவரைத் திரும்பக் கூப்பிட்டதாம் வாப்பா. நீங்க அங்க இரிக்கிறதால வரமாட்டன் எண்டு சொல்லிட்டாராம்.”

நான் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். “நோ ஆங்கிரி, கோச்” என்றேன். அவரும் “நோ ஆங்கிரி” என்றார். அதற்கு மேல் என்னிடம் ஆங்கிலம் இல்லை.

கப்டன் அதே கேள்வியை எழுதியும் அனுப்பியிருக்கிறான், அது இன்னும் போனில் கிடக்கிறது. இடுப்பு முறிந்ததால் குழு நின்றது என்று எழுதினால் அந்தப் பையன்களை ஏமாற்றியதாகும். உள்ளதை எழுதினால், அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பெருமைப்படும் கோச்சை நான் காட்டிக்கொடுத்ததாகும்.

“கோச்சைக் கேக்காம நான் சொல்லேலா” என்றேன் மகளிடம்.

“அப்ப கேளுங்களேன் வாப்பா. நம்பர்தான் இரிக்கே.”

“ஓம், கேக்கத்தான் வேணும்” என்றேன். அவள் தினமும் விசாரிக்கிறாள். அவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று எனக்கு இன்னும் வெட்கமாகவே இருக்கிறது.